அசையக் கூடாத விரல்

மூளையைப் படம்பிடித்தால், அதன் அறிக்கையை நோயாளியை அனுப்பிய வைத்தியருக்கே அனுப்ப வேண்டும். இதுதான் விதி. அரச அலுவலகத்தில் தலை நரைத்தவன் சொல்கிறேன்: நம் நாட்டில் விதிகள் எல்லாம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. குறை, நாம் கொடுக்கும் விலாசத்தில்தான்.

என் வலக்கைச் சுட்டுவிரல் ஆடத் தொடங்கியது தொழுகையில். வேலை செய்யும்போது ஆடாது. கை ஓய்ந்து தொடைமேல் கிடக்கும்போதுதான் ஆடும். தொழுகையின் இருப்பில் அந்த விரலை நீட்டி அசையாமல் வைப்பது புத்தளம் தில்லையடியில் எங்கள் பள்ளிவாசலின் முறை. அசைப்பது வேறொரு சாராரின் முறை. இதற்காகவே மனம் கசந்து பிரிந்தவர்கள் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்த ரவூப் ஹாஜியார் என் செருப்பருகே காத்து நின்றார்.

“சேர், நீங்க எப்ப தொட்டு அந்தப் பக்கம் போன?”

“நான் எங்கயும் போகல்ல ஹாஜியார். விரல் தானா ஆடுது.”

“அவங்களும் முதல்ல அப்படித்தான் சொன்ன.”

முதலில் சிரிப்பு வந்தது. வீடு போய்ச் சேருமுன் அது போய்விட்டது. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஒரு பையோடு இந்தக் கரையில் இறங்கியபோது படுக்க இடம் தந்தது இதே பள்ளிவாசல். சோறு கொண்டுவந்தவர்களில் ரவூபின் உம்மாவும் ஒருவர். அந்த நன்றி மறக்கக் கூடியதல்ல. ஆனால் எங்களில் ஒருவர் பிழை விட்டால், ‘வந்த ஆக்கள்’ என்ற சொல் இன்றும் உடனே எழுந்து வரும். மன்னாரில் எனக்குக் காணி உண்டு. இங்கே எனக்கென்று இருந்தது முன் ஸஃப்பில், தொழுகையின் முதல் வரிசையில், ஒரு முழ இடம். யாரும் எழுப்புமுன் நானே எழுந்து கடைசி வரிசைக்குப் போனேன்.

புத்தளத்து வைத்தியர் பார்கின்சன் நோயைச் சந்தேகித்தார். வேறு காரணமும் இருக்கலாம், மூளையைப் படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். நல்ல மூளையின் கூர்மையான எம்.ஆர்.ஐ. படத்தில், நடுமூளையின் இரு பக்கமும் தகைவிலான் குருவியின் பிளந்த வால் போல ஒரு வடிவம் தெரியுமாம். இந்த நோயில் அங்குள்ள கலங்கள் அழிய, வாலும் மறையுமாம். மாரியில் வடக்கிலிருந்து வந்து உப்பளத்துக் கம்பிகளில் குந்தும் அதே குருவிதான்.

சிலாபத்தில் ஒரு தனியார் நிலையம். குழாய்க்குள் அனுப்புமுன் ஊழியப் பெண் சிங்களத்தில், “கம கொஹேத?” என்று ஊரைக் கேட்டார். இங்கு வந்து குடியேறிய எங்களில் எவரும் இந்தக் கேள்விக்கு யோசிப்பதில்லை. “மன்னாரம,” என்றேன். அவர் அதை விலாசக் கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

அறிக்கை வரவில்லை. நோன்பு தொடங்கியது. நிலையத்துக்கு நினைவூட்டல் எழுதினேன், முறைப்படி பிரதியும் வைத்தேன். பின்வரிசையில் நின்று தொழுதேன்.

கடைசியில், முப்பதாம் நோன்பன்று என் கைக்கு வந்த உறை, நான் சொன்ன ஊரை நம்பி மன்னார் ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பியிருந்தது. ‘இப்பெயரில் இங்கு எவரும் இல்லை’ என்று என் பெயருக்கு மேலே எழுதியிருந்தது. அன்றே வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கத்தில் வால் இல்லை. வலது பக்கத்தில் மங்கலாக இருக்கிறது. “வலக்கைய ஆளுறது இடப்பக்க மூளைதான் சேர். பார்கின்சன்தான். மாற்ற ஏலாது. ஆனா மருந்து இருக்கு, நடமாடலாம்.”

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, குருவி வாலின் கதையைச் சொல்லிப் படத்தை ரவூபிடம் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“இதுல குருவி எங்க சேர்?”

“ஒரு பக்கம் பறந்துட்டு. மத்தப் பக்கம் இன்னும் இருக்கு.”

அவர் படத்தை நிமிர்த்தி மறுபடி பார்த்தார். பிறகு, “நாளைக்குப் பெருநாள் தொழுகைக்கு முன் ஸஃப்புல இருங்க. எனக்குப் பக்கத்துல. விரலப் பத்தி ஆரும் கதைச்சா நான் கதைக்கிறன்,” என்றார்.

மன்னாரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் எழுதியனுப்பியது சரிதான். அந்தப் பெயரில் அங்கு எவரும் இல்லை. இருந்தாலும் ஊரைக் கேட்டால் இனியும் மன்னார் என்றுதான் சொல்வேன்; என் வலது பக்கத்துக் குருவிக்கு வேறு ஊர் தெரியாது. உறையைப் பத்திரப்படுத்தி, கிடைத்த நாளை அதன் மூலையில் குறித்தேன். எழுதும்போது விரல் ஆடாது, வாசிக்கலாம்: நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள்.