மணிக்கட்டில் இருந்த கை

சொட்டு ஜெயித்தவை இவை. சட்டையின் கடைசிப் பொத்தானை மட்டும் தானாகப் போட்டது ஏழு வயதில். ஐந்து பொத்தானையும் போட்டது பதினோரு வயதில். செருப்பை இடம் வலம் மாறாமல் மாட்டியது எட்டரையில். வாய் கொப்பளித்த தண்ணீரை விழுங்காமல் துப்பியது ஒன்பதில். "போதும்" என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தது பத்தில். அதுவரை, போதும் என்றால் தட்டு பறக்கும். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைக்காத நாளில் அலறாமல் நின்றது பதின்மூன்றில். "இவன் நடக்கிறது கஷ்டம்மா" என்று சொன்ன டாக்டரின் அறைக்கு மாடிப்படி ஏறி நடந்தே போனது நாலே முக்கால் வயதில். அன்று டாக்டர் விடுப்பு. அம்மா விடவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் படியேற வைத்துக் காட்டிவிட்டுத்தான் வந்தாள்.

பிறந்தபோது மூச்சு வரத் தாமதமாகி, கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர்ச் சொட்டு போலக் கிடந்தான். எட்டு வயது மூத்த அக்கா பார்த்துவிட்டு வந்து வைத்த பெயர் அது. அப்பா லாரியோடு போய்க்கொண்டே இருந்தவர்; ஒரு கட்டத்தில் திரும்பி வருவதை விட்டுவிட்டார். அம்மாவுக்கு வேலை சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். வெளுத்து உலர்ந்ததை மேசையில் போட்டு, மூலைக்கு மூலை சேர்த்து மடித்து, பத்துப் பத்தாக அடுக்க வேண்டும்.

சொட்டுவுக்கு நாலு வயதானபோது சிறப்புப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே டீச்சர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அம்மா ஓர் அட்டையில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினாள்.

'ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல். சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணு. அதற்குள் மறுபடி சொல்லாதே.'

'எதையும் கடைசியிலிருந்து கற்றுக்கொடு. நாலு பொத்தானை நீ போடு, ஐந்தாவதை அவனுக்கு விடு.'

'வெளியே கிளம்புமுன் செருப்பைக் கையில் கொடு. கிளம்பப் போகிறோம் என்று அவனுக்குப் புரியட்டும்.'

'அழும்போது கேள்வி கேட்காதே. பக்கத்தில் உட்கார்.'

இப்படிப் பதினாறு வரி. ஒவ்வொன்றும் வீட்டில் பழகிப் படிந்த பிறகு அம்மா அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டுத் தேதியும் எழுதுவாள். காலண்டரில் பால் கணக்குக்கூட எழுதாத அம்மா இதில் மட்டும் ஒரு நாள் பிசகமாட்டாள்.

அக்காவுக்குப் பத்து எண்ணுகிற பொறுமை அப்போது கிடையாது. பதினைந்து வயது, பள்ளிக்கூட அவசரம். சொட்டு பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அவள் விரல் தானாக நீளும்.

"அம்மா, பஸ் போயிடும்மா. நானே போட்டு விட்டுடறேனே."

"போனா அடுத்த பஸ்ல போ. கையை எடுடி."

"அடுத்த பஸ் எனக்காக வெயிட் பண்ணுமா?"

"பண்ணாது. அதான் சொல்றேன், பேசிட்டு நிக்காம எண்ணு."

அக்கா எட்டு வரை எண்ணியிருப்பாள், பொத்தான் உள்ளே போயிருக்கும். சொட்டு தன் வயிற்றையே குனிந்து பார்த்துச் சிரிப்பான். பஸ்ஸும் போயிருக்கும்.

பத்தாம் வகுப்போடு அக்கா படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் மடிப்பு மேசைக்கே வேலைக்கு வந்தாள். ஒருவர் காலையில், ஒருவர் மதியத்துக்கு மேல். சொட்டுவைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஒருவர் வேண்டும்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அம்மா முகம் கழுவிக்கொண்டு சொட்டுவோடு மேசையில் உட்காருவாள். பென்சிலை அவன் விரலுக்குள் வைத்து, மணிக்கட்டைத் தன் கையால் பிடித்து, பள்ளியில் கொடுத்திருந்த அவனுடைய நாலெழுத்து நிஜப் பெயரை எழுத வைப்பாள். ஒரு பக்கம் முழுக்க. அந்த அரைமணி நேரம் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது.

"நாள் முழுக்க நின்னுட்டே இருக்கேன். இவன் கையைப் புடிச்சுட்டு உக்கார்றதுதான் எனக்கு ஓய்வு," என்பாள்.

சொட்டுவுக்குப் பதினைந்து வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். தலைவலி என்று உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரியில் இரண்டே நாள். அவள்மேல் போர்த்தியிருந்த விரிப்பின் மூலையை அக்கா திருப்பிப் பார்த்தாள். உள்பக்கமாக ஒரு விரலகலம் அதிகம் மடித்த தடம். சலவைக்கூடத்தில் அப்படி மடிக்கிற கை அம்மாவுடையது ஒன்றுதான்.

சொட்டு அழவில்லை. வந்தவர்கள் அதை நல்லது என்றார்கள். "அவனுக்கு என்ன தெரியும், பாவம்," என்று ஒரு பெரியம்மா சொன்னபோது அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுவாரம் அவளே அந்த மேசையில் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அம்மா விட்ட பக்கத்திலிருந்து நோட்டு தொடர்ந்தது. மூன்று வருடத்தில் இருபத்திரண்டு நோட்டு.

பதினெட்டு வயதானால் பள்ளியில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அக்கா வேலைக்குப் போனால் அவனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். சலவைக்கூடத்தில் கேட்டாள். சூப்பர்வைசரம்மா கெட்டவள் இல்லை. அவளுக்கு மேலேயும் ஆட்கள் உண்டு.

"துண்டு மடிக்கட்டும். நான் பார்த்திருக்கேன், உன்னைவிட நேரா மடிக்கிறான். ஆனா ரிஜிஸ்டர்ல தினம் அவனே கையெழுத்துப் போடணும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் போட்டு இங்க பெரிய ரகளையாயிடுச்சு. கைநாட்டும் இப்ப எடுக்கறதில்லை. கையெழுத்து இல்லாத ஆளை மெஷின் பக்கம் நிறுத்தவும் முடியாது."

"போடுவான்மா. பத்து வருஷமா எழுதிட்டு இருக்கான்."

"அப்ப என்ன கவலை? ஜூன் கடைசிக்குள்ள போட்டுக் காட்டச் சொல்லு. அதுவரைக்கும் பழகிக்க வரட்டும்."

அக்கா சந்தோஷம் தாங்காமல் நோட்டுகளைப் பையில் அள்ளிக்கொண்டு, சொட்டுவையும் கூட்டிக்கொண்டு டீச்சரிடம் காட்டப் போனாள். டீச்சர் நிதானமாகப் புரட்டினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைச் சொட்டுவின் முன் வைத்தார்.

"பேரை எழுதுப்பா."

சொட்டு பென்சிலை எடுத்தான். தாளின்மேல் கையை வைத்தான். வைத்தவன் அப்படியே இருந்தான். டீச்சர் பத்து எண்ணினார், இருபது எண்ணினார். சொட்டு திரும்பிப் பார்த்து, அக்காவின் கையை இழுத்து, தன் மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டான்.

டீச்சர் ஒரு பழைய நோட்டையும் ஒரு புது நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்தார். பழையதில் எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தின் வால் நீண்டிருந்தது. புதியதில் எல்லாம் குட்டையாக, நிமிர்ந்து.

"இது அம்மா கையெழுத்து. இது உங்க கையெழுத்து," என்றார் மெதுவாக. "அவன் கையெழுத்து இதுல எங்கயுமே இல்லையேம்மா."

வீட்டுக்கு வந்து அக்கா அலமாரிக் கதவைத் திறந்தாள். பதினைந்து வரிகளுக்கு எதிரே கோடும் தேதியும் இருந்தன. பதினாறாவது வரி: 'எழுதும்போது கை: முதலில் மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு தோள், பிறகு எடுத்துவிடு.' அதற்கு எதிரே ஒன்றுமில்லை. தினம் துணி எடுக்கத் திறக்கிற கதவு. எத்தனையோ தடவை அந்த வரியைப் படித்திருக்கிறாள். பொத்தானுக்குக் கையை எடுடி என்று விரட்டிய அம்மா, இதில் மட்டும் கையை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அக்கா யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

ஜூன் முடிய இருந்தது ஏழு வாரம். முதல் வாரம் அவள் கை முழங்கைக்கு நகர்ந்தது. சொட்டு பென்சிலை வீசினான். அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் வீசினான். மூன்று எழுத்தை அவளே எழுதி, கடைசி எழுத்தை மட்டும் அவனுக்கு விட்டாள். நாலாம் நாள், எழுத்து என்று சொல்லமுடியாத ஒரு கோணல் கோடு விழுந்தது. அதற்கே தேதியைத் தாளின் ஓரத்தில் குறித்துவிட்டாள், பழக்கம் விடவில்லை.

கை தோளுக்குப் போன வாரம்தான் அது நடந்தது. சொட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, தன் மணிக்கட்டை இன்னொரு கையால் தடவிப் பார்த்தான். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து தேடினான்.

"என்னடா தேடற?"

"ம்மா கை."



"ம்மா கை எங்க?" என்றான் மறுபடி. மூன்று வருடம் அழாதவன் அழுதான். வாயைப் பொத்தத் தெரியாமல், மூக்கு ஒழுக, பெரிய ஆள் போலவும் சின்னக் குழந்தை போலவும் அழுதான். அழும்போது கேள்வி கேட்காதே என்று அட்டையில் இருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவை அவனிடமிருந்து பறிக்கிற வேலையைத் தானே தேதி போட்டுச் செய்துகொண்டிருப்பதாக அவளுக்குப் பட்டது. அன்று மணிக்கட்டைப் பிடித்துவிடலாம் என்று இரண்டு தடவை கை போனது. பிடிக்கவில்லை. மறுநாள் தோளிலிருந்தும் எடுத்துவிட்டாள்.

வீட்டில் எழுதியவன் சலவைக்கூடத்துக்குப் போனால் எழுதமாட்டான். புது இடம், மெஷின் சத்தம், நீராவி. ஒவ்வொரு காலையும் ரிஜிஸ்டர் முன் நின்றுவிட்டு நகர்ந்துவிடுவான். மாதம் முடிய மூன்றே வேலைநாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை, மறுபடியும் பேனாவைக் கொடுத்தார்கள். வரிசையில் பின்னால் ஒன்பது பேர்.

அக்கா இரண்டு கையையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள். பத்து எண்ணினாள். முப்பதானது.

"என்ன சொட்டு, காதல் கடிதமா எழுதறே? நாலெழுத்துதானேப்பா!" என்றார் பின்னாலிருந்து இஸ்திரிக்கார அண்ணன்.

"நீங்க போடற கையெழுத்தை உங்க பேங்க்கே ஒத்துக்க மாட்டேங்குதுன்னு சொன்னீங்களே, வாயை மூடிட்டு நில்லுங்க," என்றாள் மூட்டை பிரிக்கிற பெண். வரிசை சிரித்தது. சிரிப்பு அடங்கியது.

நாற்பத்து மூன்றில் பேனா தாளில் பட்டது.

முதல் எழுத்து கட்டத்துக்கு வெளியே போய் அடுத்தவர் பெயரை இடித்தது. இரண்டாவது படுத்துக்கிடந்தது. மூன்றாவதில் மை கொட்டியது. நாலாவதின் வால் எங்கே முடிவதென்று தெரியாமல் சட்டென்று நின்றுவிட்டது. சூப்பர்வைசரம்மா ரிஜிஸ்டரைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினாள்.

"சரி. உள்ள போ."

சொட்டு துண்டு மடிக்கும் மேசைக்குப் போனான். அக்கா மட்டும் அங்கேயே நின்று குனிந்து பார்த்தாள். வலப்பக்கச் சாய்வை, நீண்ட வாலைத் தேடினாள். அந்த நாலு எழுத்தில் அம்மா எங்கேயும் இல்லை. அவளும் இல்லை. பின்னாலிருந்தவர் தொண்டையைக் கனைத்த பிறகுதான் நகர்ந்தாள்.

சாயங்காலம் அலமாரிக் கதவைத் திறந்து, பதினாறாவது வரிக்கு எதிரே அம்மா போடுவது போலவே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதினாள்: 27 ஜூன் 2019.