கேன்டீனிலிருந்து வந்தது யார்

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்கு மட்டும் பயமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மேலாளர் ஆங்கிலத்தில் பேசுவதை லைனில் வேலை செய்பவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நேர்காணலில் ஆங்கிலம் நன்றாக வரும் என்று சொல்லியிருந்தேன். அது முழுப் பொய்யில்லை. சின்ன வாக்கியங்கள் வரும். வினைச்சொல்லின் வாலில் 'இங்' சேர்ந்து, தனித் துண்டாக வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டால்தான் தடுமாறுவேன்.

கல்லூரியில் அதை பார்ட்டிசிபியல் ஃபிரேஸ் என்று நடத்தினார்கள். நான் எழுதிக் காட்டிய வாக்கியம் 'வாக்கிங் டு த பஸ் ஸ்டாப், த ரெயின் காட் அஸ்.' மேடம் படித்துவிட்டு, "மழையா பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போச்சு?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது என்று தமிழில் சொன்னால், நடந்தது நாங்கள்தான் என்று யாருக்கும் புரியும். ஆங்கிலத்தில் அந்தத் துண்டு தனக்குப் பக்கத்தில் நிற்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளும், அதனால் யாருடைய செயலோ அவர் பெயரை அதன் அருகில் வை என்று மேடம் விளக்கினார். தலையாட்டினேன். பரீட்சையில் எப்படியோ தேறினேன். பயம் மட்டும் போகவில்லை.

வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் கழித்து, ஒரு மதியம் என்னை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மேலாளர், எச்.ஆர். அதிகாரி, லைன் சூப்பர்வைசர். எதிரே, வடக்குப்பட்டிலிருந்து வருவதால் நாங்கள் வடக்குப்பட்டு அக்கா என்று கூப்பிடுபவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் அசெம்பிளி லைனில் ஆபரேட்டர். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வருபவர். இடது கட்டைவிரலில் பஞ்சு சுற்றியிருந்தது.

காலையில் அவர் தன் இடத்தை விட்டுப் போயிருக்கிறார். அவர் இல்லாத நேரத்தில் வயர் முனையில் மாட்டும் கனெக்டர்கள் தப்பாகப் பொருந்தி, ஒரு பெட்டி முழுவதும் வீணாகி, லைன் நின்றுவிட்டது. அவர் கேன்டீனுக்குப் போய்விட்டார் என்பது சூப்பர்வைசரின் புகார். விரல் கிழிந்து முதலுதவி அறைக்குப் போனேன் என்பது அக்காவின் பதில். கேன்டீனைத் தாண்டித்தான் முதலுதவி அறைக்குப் போக வேண்டும்.

"ரத்தம் வந்துகினே இருந்துச்சு சார். சொல்லிட்டுப் போலாம்னு பாத்தா சூப்பர்வைசர் அங்க இல்ல," என்றார் அக்கா. அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேலாளர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தானும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் இருந்ததாகச் சொன்னார். பிறகு சொன்ன வாக்கியம்: "ஐ மெட் த ஆபரேட்டர் கமிங் அவுட் ஆஃப் த கேன்டீன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தமிழில் சொல்ல இரண்டு வழி இருந்தது.

'கேன்டீனிலிருந்து வெளியே வந்த ஆபரேட்டரைப் பார்த்தேன்' என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் வந்தது அக்கா. 'கேன்டீனிலிருந்து வெளியே வரும்போது ஆபரேட்டரைப் பார்த்தேன்' என்றும் சொல்லலாம். அப்போது வந்தது மேலாளர். அவருடைய ஆங்கிலம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. தமிழில் நான் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். மேடம் சொன்னபடி பார்த்தால் பக்கத்தில் நிற்கும் பெயர் ஆபரேட்டர். ஆனால் மேலாளருக்கும் ஆங்கிலம் பிறகு கற்றுக்கொண்ட மொழிதான். அவர் சொற்களை எந்த இடத்திலும் வைப்பார். இலக்கணத்தை நம்பி அக்காவைக் கேன்டீனுக்குள் தள்ளிவிட எனக்குத் தைரியம் இல்லை. திருப்பிக் கேட்கவும் தைரியம் இல்லை. இவ்வளவு சின்ன வாக்கியம் கூடப் புரியவில்லையா என்று நினைத்துவிட்டால்? என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா யோசிக்கிற? சொல்லு," என்றார் எச்.ஆர். அதிகாரி.

மேலாளர் பக்கம் திரும்பி, "சார், ஹூ வாஸ் கமிங் அவுட்? யூ, ஆர் ஷீ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"அவரு சொன்னத மட்டும் சொல்லும்மா. நீ இன்னாத்துக்குக் கேள்வி கேக்குற?" அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்.

மேலாளர் என்னையே பார்த்தார். கோபமா, யோசனையா என்று தெரியவில்லை. கடைசியில் தன் மார்பில் விரலை வைத்து, "மீ," என்றார். காபி வாங்கிக்கொண்டு தான்தான் வெளியே வந்ததாகவும், அக்கா எதிரே வேகமாக நடந்து போனதாகவும் சொன்னார். "ஹோல்டிங் ஹெர் ஹேண்ட்," என்று சேர்த்துக்கொண்டு, தன் இடது கையை வலது கையால் அழுத்திக் காட்டினார். இந்த முறை 'இங்' என்னைப் பயமுறுத்தவில்லை.

"ஆபரேட்டர் கையைப் புடிச்சிகிட்டு வேகமா போனதைப் பாத்தாராம். கேன்டீன்லேந்து வந்தது சார்தானாம்," என்று தமிழில் சொன்னேன். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

முதலுதவி அறைக்குப் போன் போட்டார்கள். நர்ஸும் அக்கா வந்ததாகச் சொன்னார். இனி யாரிடமும் சொல்லாமல் இடத்தை விட்டுப் போகக் கூடாது என்று அக்காவை எச்சரித்து அனுப்பினார்கள். அவ்வளவோடு முடிந்தது. சூப்பர்வைசர் எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா என் பக்கம் குனிந்தார். "பாப்பா, நடுவுல அவரான்ட இன்னாவோ கேட்டியே, இன்னா அது?"

விளக்கினேன். ஒரே வாக்கியம் இரண்டு மாதிரி ஆகும் என்றேன். பார்ட்டிசிபிள் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டேன்.

"அப்போ நீ கேக்காம வுட்டுருந்தா?"

"தெரியலக்கா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைப்பாக்கம் ஸ்டாப் வந்தது. நான் இறங்க எழுந்தபோது என் கையைப் பிடித்து, "நல்லா இரு," என்றார்.

மறுநாள் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மீட்டிங்கில் மேலாளரைக் கேள்வி கேட்பது சரியில்லை என்றார். "உனக்குப் புரியலன்னா முன்னாடியே என்கிட்ட வந்து கேளு." மேலாளர் என்ன பேசப்போகிறார் என்பது முன்னாடியே எனக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்காமல், சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஒப்பந்த மாதம் வரும்வரை சரியாகச் சாப்பிட முடியவில்லை. அம்மா என்னை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போய் அர்ச்சனை செய்தார். எதற்காக என்று நான் அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள்.

இப்போது வேறொரு மேலாளர் வந்திருக்கிறார். முன்னவரைவிட வேகமாகப் பேசுகிறார். புரியாத இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தி, "ஹூ, சார்?" என்று கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் பயமாகத்தான் இருக்கிறது. சில நாள் அவர் முகம் சுளிக்கிறார், சில நாள் பொறுமையாகச் சொல்கிறார். எந்த நாள் எப்படி இருப்பார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.