எண்ணூர் முகத்துவாரத்தின் கொடிக்கோபுரம்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, பதில் எழுதுவதற்காக முந்தின நாள் எடுத்து வைத்திருந்த காகிதத்தை மறுபடி மேசை இழுப்பறைக்குள் தள்ளியதுதான். அதில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

என் கணவர் சரக்குக் கப்பலில் இரண்டாவது இன்ஜினியர். கப்பல் கல்கத்தாவில் நிற்கிறது. ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா, இல்லை ஊரோடு வந்துவிடட்டுமா, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டு எழுதியிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் அவர் கைக்குப் போக வேண்டும். பதினெட்டு வருடமாக இந்தக் கேள்விக்கு நான் எழுதிவந்தது ஒரே பதில்: ‘உங்கள் இஷ்டம்.’ இந்த முறை அந்த இரண்டு சொற்களை எழுதக் கை வரவில்லை. மகள் நர்சிங் படிக்க வேலூருக்குப் போய்விட்டாள். அவளும் போன பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

எண்ணூர் போகலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அங்கே ஆற்று முகத்துவாரத்தின் கரையில் ஒரு பழைய செங்கல் கோபுரம் இருக்கிறது. வடக்கிலிருந்து சென்னைக்கு வரும்போது, அந்தக் கோபுரம் கண்ணில் பட்டதும் தலையைச் சீவிக்கொள்வேன் என்று கல்யாணமான புதிதில் அவர் சொன்னார். ஒரு தடவை உன்னைக் கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னார். ஒவ்வொரு விடுப்பிலும் ஏதாவது வேலை வந்து அது தள்ளிப்போனது. ராயபுரத்தில் இருக்கும் எங்களுக்கு எண்ணூர் என்பது பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான்.

தை மாதத்துச் சனிக்கிழமை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ஆறே முக்காலுக்கு ராயபுரத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து காசு, தூரம் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். திருவொற்றியூர் வரை வண்டியில் நிற்க இடமில்லை. எல்லாம் ஃபாக்டரி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், சாப்பாட்டுத் தூக்குகளோடு. அதன் பிறகு வலது பக்கம் கடலைப் பார்க்க முடிகிற மாதிரி ஜன்னலோர இடம் கிடைத்தது. பல இடங்களில் அலை சாலைக்குக் கல்லெறியும் தூரத்தில்தான். எண்ணூரில் இறங்கும்போது ஏழு நாற்பது.

கடைசி நிறுத்தத்திலிருந்து கோபுரம் ஒன்றரைக் கிலோமீட்டர். ரிக்‌ஷாக்காரர் ஒரு ரூபாய் கேட்டார்.

“அந்த மொட்டைக் கோபுரத்துக்கா? அங்க இன்னாம்மா கீது? காத்து தான் கீது.”

“காத்து வாங்கத்தான் போறேன். அரை ரூபாய் தர்றேன்.”

“காத்து ஃப்ரீ, மிதிக்கிறது நானு” என்றார். முக்கால் ரூபாய்க்குப் படிந்தது. மணல் தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள். மீதியை நடக்க வேண்டும்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் அது. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் படகுகள் உள்ளே வர முடியாது. அடைத்திருக்கும் நாட்களில் கோபுரத்து உச்சியில் சிவப்புக் கொடி, திறந்திருந்தால் வெள்ளைக் கொடி. கோபுரத்தை எப்போது கட்டினார்கள் என்பதற்கு எங்கேயும் கல்வெட்டு இல்லை. கால்வாய் வழியாக உப்பு ஏற்றிப்போன தோணிகளுக்காக வெள்ளைக்காரன் கட்டினான் என்கிறார்கள். நான் போன அன்று வெள்ளைக் கொடி பறந்தது.

கொடி ஏற்றி இறக்குகிற மாணிக்கம் அடியில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். கட்டணம் ஒன்றும் கிடையாது. “செருப்ப கீய வுட்டுட்டு ஏறும்மா. சொவத்த புட்ச்சிக்கினு ஏறு” என்றார்.

எழுபத்தோரு படிகள். உள்ளே இருட்டு, வவ்வால் நாற்றம். பாதியில் ஒரு பொந்து ஜன்னல் இருக்கிறது. அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். உச்சிக்கு வந்ததும் காற்று முந்தானையைப் பிடுங்கியது. மேற்கே உப்பளங்கள், அவற்றுக்கு இப்பால் புதிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கீழே ஆற்றில் பெண்கள் கழுத்தளவு நீரில் நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். கிழக்கே, வடக்கிலிருந்து ஒரு சரக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தது.

அந்தக் கப்பல் தெற்கே மங்கும் வரை முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். அதன் விளிம்பில் ஒரு மனிதர் கோபுரத்தைப் பார்த்தபடி சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுப்பதாக நினைத்துக்கொண்டேன். அவர் இல்லை என்று தெரியும். இருந்தாலும் கையை உயர்த்திவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

கீழே இறங்கியபோது சந்தோஷமாகத்தான் இருந்தேன். மாணிக்கத்திடம் நானாகவே சொன்னேன்: “என் வீட்டுக்காரர் கப்பல்ல வர்றப்போ இந்தக் கோபுரத்தைத்தான் முதல்ல பார்ப்பாராம்.”

“கப்பல்ல இன்னா வேலை?”

“இன்ஜினியர்.”

அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அப்ப எப்டிம்மா பாப்பாரு? கரை கிட்ட வரசொல்ல இஞ்சின்காரன் ஒருத்தனும் மேல வரக்கூடாது. மேலேர்ந்து மணி அட்ச்சிக்கினே இருப்பான், மெதுவா, நிறுத்து, பின்னாடின்னு. அத்தினி பேரும் கீய தான் இருக்கணும். நானு பதினோரு வருசம் கப்பல்ல எண்ணெ போட்டவன். கடல்லேர்ந்து இத்த ஒரு தபா கூட பாத்ததில்ல.”

“தலை சீவிக்குவேன்னு சொன்னாரே” என்றேன், குழந்தை மாதிரி.

“அது நெஜம்தான்! டூட்டி மாத்த வர்றவன் ஏணில எறங்கசொல்லவே ‘கோபுரம்’னு ஒரு சவுண்டு குடுப்பான். ஒடனே அல்லாரும் கைய தொடச்சிக்குவோம், சீப்பு ஒண்ணு கை மாறும். வூட்டுல வந்து பாத்தேன்னுதான் சொல்லுவோம். பாக்கல, எவனோ சொன்னான்னா நல்லாவா கீது?”

ஆற்றிலிருந்து ஏறி வந்த ஒரு பெண் பறியை வாயிலிருந்து எடுத்தாள். பொன்னி என்று பெயர். “இந்தாளு அப்பவே புளுகுதான்க்கா. இப்ப கோபுரத்து மேல ஏறி புளுகுது” என்றாள்.

“போமே, உன் எறாவ பாத்துக்கினு.”

பொன்னி என் பக்கம் திரும்பினாள். “ஒன் ஆளு எப்பக்கா வருது?”

“தெரியல. வரட்டுமான்னு கேட்டு எழுதியிருக்கார்.”

“நீ இன்னா சொன்னே?”

“அவர் இஷ்டம்னுதான் எப்பவும் சொல்வேன்.”

“ஐய, இஷ்டமாம்! என் ஆளு கடல்ல ஒரு நாள் அதிகமா தங்கிட்டான்னா நாலு தெருவுக்குக் கேக்கறா மாரி கத்துவேன். இஷ்டம்னு சொன்னா, வராட்டியும் பரவால்லன்னுதானே அதுக்குப் படும்?”

சொல்லிவிட்டு இறாலை அலசப் போய்விட்டாள்.

பத்தேகாலுக்குத் திரும்பி நடந்தேன். மணல் சுட ஆரம்பித்திருந்தது. வழியெல்லாம் அந்த இஞ்சின் அறைதான் நினைவில் இருந்தது. சூட்டிலும் சத்தத்திலும் பார்க்கவே முடியாத ஒரு கோபுரத்துக்காகத் தலை சீவிக்கொண்டு நின்றிருக்கிறார். அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தனியாகச் சாப்பிட்ட இரவுகளில் நான் எழுதிய ‘உங்கள் இஷ்டம்’தான் அதைவிடப் பெரிய பொய்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தையிலும் மாசியிலும் போங்கள். எட்டு மணிக்குள் கோபுரத்தடியில் இருந்தால் நல்லது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கிடைக்காது. இருபத்தாறாவது படி உடைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாணிக்கம் வர நேரமாகும், அதுவரை கதவு பூட்டியிருக்கும். கொடி சிவப்பாக இருந்தால், படகில் முகத்துவாரம் வரை கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். போகவர எனக்கு ஆன செலவு ரிக்‌ஷாவோடு சேர்த்து இரண்டு ரூபாய் இருபது காசு, திரும்பும்போது வாங்கிய இரண்டு இளநீரும் இதில் அடக்கம்.

மகளுக்கு இன்னும் எழுதவில்லை. எதிர்வீட்டில் கேட்டபோதுகூடக் காற்று நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை முதல் தபாலில் போகிற கடிதத்தில், கையெழுத்துப் போட வேண்டாம், எனக்கு நீங்கள் இங்கே வேண்டும் என்று எழுதப்போகிறேன்.