மண்டபத்தின் நடுவில் ஒரு திரை

பிரெஞ்சுத் தலைநகரின் ரூ பெர்தொனே தெருவில், ஒரு தமிழ்த் தேநீர்க் கடையில் அன்று பெண்ணின் தகப்பனாரும் மாப்பிள்ளையும் நானும் இருந்தோம். மாப்பிள்ளையின் தகப்பனார் வரவில்லை. அறுபதுகளில் யாழ்ப்பாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ அணி, பீக்கிங் அணி என்று உடைந்த நாளிலிருந்து இரு தகப்பன்மாருக்கும் பேச்சில்லை. பெண்ணின் தகப்பனார் பீக்கிங், வராதவர் மொஸ்கோ. நான் வரலாறு படிக்கிறவன் என்பதால் மாப்பிள்ளை என்னைச் சமாதானம் பேசக் கூட்டிவந்திருந்தான்.

பெண்ணின் தகப்பனார் மெலிந்த மனிதர். சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். கண்ணாடியைத் துடைத்த பிறகே எதற்கும் பதில் சொல்வார்.

"ஐயா, சோவியத் உடைஞ்சே இருபது வருசமாச்சு," என்றேன்.

துடைத்தார். "ஓம் தம்பி. உடையுமெண்டு நாங்கள் அப்பவே சொன்னனாங்கள். அவன் இன்னும் ஒப்புக்கொள்ளேல்லையே."

"அப்ப எங்கடை கலியாணம், மாமா?" என்றான் மாப்பிள்ளை.

"அது நடக்கட்டும். ஆனால் அவன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு சாப்பிட என்னாலை ஏலாது."

அதனால் புறநகர் லெ பிளாங்-மெனிலில் எடுத்த கலியாண மண்டபத்தின் நடுவில் திரை கட்டினோம். பெர்லின் சுவரைப் பற்றிப் பரீட்சை எழுதிய நான்தான் கயிற்றை இழுத்துப் பிடித்தேன்.

விருந்தின் நடுவில் பெண்ணின் தகப்பனார் என்னை அழைத்தார். "திரைக்கு அங்காலை ஒருக்காப் போய்ப் பார் தம்பி. அவனுக்குச் சீனி வருத்தம், பாயசம் குடுத்திடுவாங்கள். நான் சொன்னதெண்டு சொல்லாதை."

போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் இரண்டாவது கிண்ணப் பாயசத்தில் இருந்தார். திரும்பி வந்து சொன்னேன்.

"மொஸ்கோக்காரன் எப்ப சொல்லுக் கேட்டவன்?" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

இத்தனை வருடம் பேசாதவரின் சீனி வருத்தம் இவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றும் யோசிக்கிறேன். திரை வாடகையை மட்டும் இருவரும் தர்க்கமின்றிப் பங்கிட்டார்கள்: ஆளுக்கு இருநூறு யூரோ.