தண்ணீரில் நடந்த கால்

அறுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்தன. அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு எங்கள் அத்தை புறா ரத்தம் தேய்த்தாள். அந்த நாற்றத்தை நான் இன்றும் மன்னிக்கவில்லை. கை ஓரளவு தேறியது. கால்தான் வரமாட்டேன் என்றது. ஓரடி வைத்தால் பாதம் மணலில் கோடு கிழித்துக்கொண்டு பின்னால் வரும். தெருவில் பார்க்கிறார்கள் என்று அப்பா வாசலைத் தாண்டுவதையே விட்டார்.

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டெடுக்கும். அதைப் பாடு என்போம். வீட்டு ஆண்தான் இறங்கவேண்டும். அப்பாவை விட்டால் அம்மாவும் பெண்பிள்ளைகள் நாங்கள் இருவரும்தான். அவர் இறங்காவிட்டால் பாடு போய்விடும். பாடு போனால் சோறு போய்விடும்.

அப்போதுதான் மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் மார்பளவு தண்ணீரில் இறக்கிப் பார்த்தார். அப்பா நடந்தார். கோணல் இல்லாமல், யாரையும் பிடிக்காமல் நடந்தார். கரையில் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தண்ணீரில் நடக்கிறவன் தரையில் நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊரே பேசியது. நாங்களும் நம்பினோம். தண்ணீர்தான் அவரைத் தாங்குகிறது என்று ஏரியிலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீட்டில் அப்பா பெயரையும் சேர்த்தார்கள்.

எங்கள் முறை வந்த அன்று அவர் நன்றாகத்தான் வலை வளைத்தார். இறால் நிறைய. கரைக்குத் திரும்பும்போது தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது. சேற்றில் கால் மடங்கி எல்லோர் முன்னாலும் குப்புற விழுந்தார். வலை கையை விட்டு நழுவி, இறாலெல்லாம் ஏரிக்கே போயிற்று. தூக்க வந்தவர்களை உதறினார். யானைக்கும் அடி சறுக்கும் என்றார் ஒருவர். அவர் வாயில் சேற்றை அள்ளி அடைக்கலாம் போல் இருந்தது எனக்கு. அம்மா புடவையோடு இறங்கி அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். தனக்குப் பசிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றாள். அதற்குத்தான் எழுந்தார்.

அடுத்த சீட்டுக்கு முன்னால் ஊர்த் தலைவர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். பெயரைச் சேர்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்க ஊட்ல ஆம்பள யாரும் இல்லண்ணா. எங்கள உட்டுட்டு சீட்டு எடுங்க."

வாதம் அடித்த நாளிலிருந்து ஒருமுறையும் அழாத அம்மா, தலைவர் நிற்கிறார் என்றுகூடப் பாராமல் அழுதாள்.