அத்தைக்கு எழுதிக் காட்டிய படம்

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டில், மத்தியானம் மூன்று மணியானால் நான் வாசல் பக்கம் போகமாட்டேன். அந்த நேரத்தில்தான் அத்தை வாசல் பக்கம் திரும்பி, "இந்தா வாறேன்" என்பாள். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்து கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது. விஷக்காய்ச்சலில் இரண்டு காதும் போய் ஒரு வருஷமாகியிருந்தது.

அதற்கும் முந்தின வருஷம் மாமா இறந்துபோனார். அரிசி மண்டியிலிருந்து மூன்று மணிக்குச் சாப்பிட வரும்போது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அத்தையைக் கூப்பிடுகிறவர். எனக்கு வயது பத்து. வீட்டில் பேய் இருக்கிறது என்று முடிவுகட்ட இது போதாதா? அம்மாவிடம் சொன்னதற்கு, வீட்டுப்பாடத்தைப் பார் என்றாள்.

காதுக்குள் கருவி வைத்தால் கேட்கும் என்று அப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அத்தைக்கும் ஆசைதான். என் பாட்டை இன்னொரு தரம் கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே ஒரு பொம்மைப்படம் காட்டினார்கள். மலையாள ஊர் ஆகையால் பேச்சும் மலையாளம், கீழே ஓடிய எழுத்தும் மலையாளம். அத்தைக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். மலையாளப் பள்ளியில் படித்த எனக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஆகவே மொழிபெயர்க்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெளிச்சத்தம் புகாத அந்த அறையில் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. திரையில் ஒரு மொட்டைத் தலை வந்தது. கண் இருந்தது, வாய் இல்லை. அது மெல்லத் திரும்ப, காதோரத்துத் தோல் கண்ணாடியாகி உள்ளே நத்தைக்கூடு போல ஒன்று தெரிந்தது. மெல்லிய கம்பி ஒன்று அதற்குள் சுருண்டு சுருண்டு நுழைந்தது. கூடு நீலமாக ஒளிர்ந்தது. வாயில்லாத தலை எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. 'கம்பி உள்ளே போகிறது, வலிக்காது' என்று எழுதினேன்.

படம் முடிந்ததும் டாக்டர், வெளியே காத்திருந்த அப்பாவைக் கூப்பிடப் போனார். அத்தை என் பக்கம் குனிந்தாள்.

"ஏட்டி, மாமா கூப்பிடுதது நின்னு போயிருமா?"

டாக்டர் வந்ததும் கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பேய் விஷயத்தைப் போய் டாக்டரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. படத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அவ்வளவு ஆழத்துக்குக் கம்பி போனபிறகு எந்தப் பேய் அங்கே தங்கும்? பெரிய எழுத்தில் எழுதினேன்: 'நின்றுவிடும். இனி வரவே மாட்டார்.' எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அத்தை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை மூடிவிட்டு, உள்ளே வந்த அப்பாவிடம் ஆபரேஷன் வேண்டாம் என்றாள். ஆட்டோவில் அப்பா வழியெல்லாம் கெஞ்சினார். பாவம், அது எனக்குத்தான் கேட்டது. படத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் எழுதியதை யாரிடமும் சொல்லவில்லை. என் பாட்டை அவள் கடைசிவரை கேட்கவே இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு அத்தை வாசல் பக்கம் திரும்பி, வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

"நான் எங்கயும் போவல. இங்கனதான் இருக்கேன்."

'கம்பி வைத்திருந்தால் போயிருப்பாரே' என்று நோட்டில் எழுதி நீட்டினேன்.

"ஆமாட்டி, போயிருப்பாவ" என்று சிரித்துக்கொண்டே சொல்லி என் தலையைத் தடவினாள். பேயை விரட்ட வழி இருந்தும் இவள் ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.