ராகு காலத்தில் எடுத்த காப்பி

எங்கள் பட்டுக் கடையின் வெப்சைட் ஒழுங்காக ஓடினால் மாமனாருக்கு அது 'நம்ம சைட்டு'. கொஞ்சம் மக்கர் பண்ணினால் 'உன் சைட்டு'.

ஆரணியில் எங்கள் கடை பெரியதுமில்லை, சிறியதுமில்லை. கல்லாவில் மாமனார், அலமாரிப் பக்கம் என் கணவர். மருமகளுக்கு என்று அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. புடவைகளைப் படம் பிடித்து, விலை போட்டு, வெளியூர் ஆர்டர்களை அனுப்பி, நானாக உண்டாக்கிக்கொண்ட இடம் அந்த வெப்சைட். அது போனால் மறுபடியும் மதியச் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்க மட்டும் கடைக்குள் நுழைகிறவள் ஆகிவிடுவேன். நினைத்தாலே எனக்குக் கோபம் வரும்.

அந்த வருடம் ஆடியில் சைட்டின் உள்பக்கம் முழுக்க 'அப்டேட் செய்யவும்' என்று சிவப்பு வட்டங்கள், அம்மை போட்ட மாதிரி. அதே நேரத்தில் பக்கத்துத் தெருப் பட்டுக் கடையின் சைட்டைத் திறந்தால் ரம்மி ஆட்டம் வந்தது. பழைய சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டை வழியாக யாரோ புகுந்துவிட்டார்கள். முகூர்த்தப் புடவை பார்க்கப் போன ஜனங்களைச் சீட்டாடக் கூப்பிட்டது அந்த சைட்.

"மாமா, நம்ம சைட்லயும் அதே ஓட்டை கீதுங்க. உடனே அப்டேட் பண்ணணும்" என்றேன்.

"இன்னாம்மா நீ, ஆடில போயி புதுசா ஒண்ணு ஆரம்பிக்கச் சொல்றியே. ஆவணி பொறக்கட்டும்."

ஓட்டைக்குள் நுழைகிறவன் எந்தத் தேசத்தில் உட்கார்ந்திருக்கிறானோ, அவனுக்கு ஆடி தெரியுமா ஆவணி தெரியுமா? இதைச் சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். நல்லவேளை, ஆடி முடிகிறவரை எவனும் வரவில்லை. ஆவணி பிறந்ததும் மாமனார் தினசரிக் காலண்டரைப் பார்த்து, ஒரு புதன்கிழமைக் காலை நல்ல நேரத்தைக் குறித்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"இதுல உன் சைட்டு படுத்துச்சின்னா மூடிடலாம்மா. நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு."

நான் பொறுமையாக விளக்கினேன். முதலில் சைட் முழுவதையும் காப்பி எடுக்க வேண்டும். அந்தக் காப்பியில் ஒவ்வொன்றாக அப்டேட் செய்து, புடவைப் படம் தெரிகிறதா, பணம் கட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால்தான் நிஜ சைட்டில் கை வைக்க வேண்டும். மாமனார் நன்றாகத் தலையாட்டினார். தள்ளுபடி கேட்கிற வாடிக்கையாளருக்கும் அவர் அப்படித்தான் தலையாட்டுவார், ஒரு ரூபாய்கூடக் குறைக்கமாட்டார்.

முந்தின நாள் செவ்வாய்க்கிழமை மதியம், காப்பி எடுப்பது சரியாக வேலை செய்கிறதா என்று ஒருமுறை செய்து பார்த்தேன். அது ராகு காலம். அந்த நேரத்தில் எங்கள் கடையில் ஒரு புடவையைக்கூடப் பிரிக்கமாட்டார்கள். யாராவது வந்தால் மோர் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார்கள். லேப்டாப் எனக்கே எனக்கு. முழு சைட்டும் என் ஹார்ட் டிஸ்க்குக்கு வந்து சேர்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லேப்டாப்பின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்திருப்பார்கள்.

புதன் காலை லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம், கேமரா மறைகிற மாதிரி ஒரு முழம் மல்லிகை. நான் புதிதாக ஒரு காப்பி எடுக்க ஆரம்பித்தேன். அது நத்தையாக ஊர்ந்தது. மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல நேரம் முடியப் போவுதும்மா, ஜல்தி!"

"காப்பி எடுத்துகினு இருக்கேன் மாமா. அது முடியட்டுங்க."

காப்பி எடுப்பதெல்லாம் அவர் கணக்கில் ஆரம்பமே இல்லை. பட்டனை அமுக்குவதுதான் ஆரம்பம். கற்பூரத் தட்டு ஒயருக்குப் பக்கத்தில் எரிகிறதே என்று நான் அதை நகர்த்தி வைக்க எழுந்தேன். அந்த இடைவெளியில் மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சந்தன விரலால் 'எல்லாவற்றையும் அப்டேட் செய்' என்பதை அமுக்கிவிட்டார்.

திரை வெளுத்தது. சைட் முழுக்க வெள்ளை. கல்யாணப் புடவை விற்கிற இடத்தில் அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது.

"இன்னாம்மா வெள்ளையா கீது? உன் சைட்டு படுத்துகிச்சா?"

சரியாக அப்போதுதான் போளூரிலிருந்து பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். மணப்பெண்ணின் அக்கா வெளிநாட்டில். அவள் சைட்டில் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் இவர்கள் முகூர்த்தப் புடவையை எடுப்பார்கள்.

"அக்கா போன்ல கீறா. உங்க சைட்டுல ஒண்ணுமே வரலையாமே?" என்றாள் மணப்பெண்.

என் கணவர் எல்லோருக்கும் காபி சொன்னார். எனக்கு அழுகையும் வந்தது, அந்தக் காலண்டரைக் கிழித்துப் போடவேண்டும் என்ற வெறியும் வந்தது. பாதியில் நின்ற காப்பி எதற்கும் உதவாது. ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, செவ்வாய்க்கிழமைக் காப்பியைத் திரும்ப ஏற்றினேன். காபி ஆறுவதற்குள் சைட் எழுந்துவிட்டது. அக்கா அரக்கு நிறத்தைக் காட்டினாள், மணப்பெண் மாம்பழ மஞ்சள் என்றாள், கடைசியில் இரண்டையும் எடுத்தார்கள்.

அவர்கள் போனதும் மாமனார் மெல்ல வந்தார்.

"எப்படிம்மா திரும்ப வந்துச்சி?"

"நேத்தே ஒரு காப்பி எடுத்து வச்சிருந்தேன் மாமா."

"நேத்தா? எத்தினி மணிக்கு?"

"மூணரைக்குங்க."

செவ்வாய், மூன்றரை. மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு, கூட்டு வியாபாரத்தில் ஏமாற்றிவிட்ட பங்காளியைப் பார்ப்பது போலக் காலண்டரைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, உள்ளே போய்ச் சிரித்தேன்.

அந்த வாரம் காப்பியில் ஒவ்வொன்றாக அப்டேட் செய்து பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற பகுதிதான் பணம் கட்டுகிற பகுதியோடு சண்டை போட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு, பிறகு நிஜ சைட்டைத் தொட்டேன். நேரம் எதுவும் பார்க்கவில்லை. ஓட்டையும் அடைபட்டது.

அடுத்த செவ்வாய் மதியம், கடையில் வாடிக்கையாளர்கள் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"அம்மாடி, ராகு காலம் வந்துடுச்சி. காப்பி எடுத்துட்டியா?"

"என்ன காப்பிங்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

சைட் அன்றைக்கு எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 'நம்ம சைட்டு' என்பார் என்றுதான் நினைத்தேன்.

"அது எங்க மருமவ சைட்டுங்க" என்றார் மாமனார். "நாங்க யாரும் அதுல கை வைக்கிறதில்ல."